பெரியவர்களுக்கு ஏடிஎச்டி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஏடிஎச்டி இருப்பது 37 வயதில்தான் தெரிந்தது. அதை வெளியே சொல்லத் தொடங்கியதிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

ஏடிஎச்டி சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுதானே? பெரியவங்களுக்கு எப்படி வரும்?

புதிதாக வருவதில்லை. சின்ன வயதிலேயே இருந்தது, வளர்ந்த பிறகும் போகாமல் தங்கிவிடுகிறது. முழுப் பெயர் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு. உலக அளவில் குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய 2.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு இருக்கலாம்.

கவனம் ஓரிடத்தில் நிற்காத இந்த நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் 1798லேயே எழுதி வைத்திருக்கிறார். வயது ஏற ஏற இது குறைந்துவிடும் என்றும் அவர் எழுதினார். அந்த நம்பிக்கை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்மில் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பெரியவர்களுக்கு இடம் கிடைத்தது. அதுவும் 'மிச்சமிருக்கும் வகை' என்ற பெயரில். இன்று நாற்பது, ஐம்பது வயதில் பலர் முதல்முறையாக இதைக் கேள்விப்படுவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் பள்ளியில் படித்த காலத்தில் இதைத் தேடிப் பார்க்க யாருக்கும் தெரியவில்லை.

எல்லாருக்கும்தான் மறதி இருக்கு, எல்லாரும்தான் வேலையைத் தள்ளிப் போடறோம். அப்போ எல்லாருக்குமே இது இருக்கா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கீழே வரும் பல பதில்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சாவியைத் தொலைப்பது, எதிரே ஒருவர் பேசும்போதே மனம் வேறெங்கோ போய்விடுவது, பாதியில் விட்ட வேலைகள், அடுத்தவர் முடிப்பதற்குள் குறுக்கே பேசுவது. அதனால் ஒருவரிடம் அறிகுறி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஊரே ஏடிஎச்டியாகத் தெரியும். மருத்துவர்கள் மூன்று விஷயங்களைத் தோண்டுகிறார்கள்: எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், என்ன இழப்பு. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு கவனக்குறைவுக்கு 9, மிகைச்செயல்பாடு மற்றும் அவசரத்துக்கு 9 என்று 18 அறிகுறிகளைச் சொல்கிறது. 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது 5 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். வேறொரு நோயால் வந்ததாகவும் இருக்கக் கூடாது.

கையில் பணம் இருந்தும் ஒவ்வொரு மாதமும் அபராதத்தோடு கட்டணம் கட்டுவது. நன்றாகத் தெரிந்த வேலையில் கடைசி ஒரு படிவத்தை அனுப்பாததால் அந்த வேலையே போவது. நேசிக்கும் ஒருவர், "நான் சொல்றது எதுவுமே உனக்கு முக்கியமில்ல" என்று சொல்லிவிட்டு விலகிப் போவது. இப்படி ஒன்று எப்போதாவது நடந்தால் அது வாழ்க்கை. இதே மாதிரி சின்ன வயதிலிருந்து எல்லாப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தால், போய்ப் பார்க்க வேண்டும்.

நான் அமைதியா உட்கார்ந்திருக்கிற ஆள். ஓடி ஆடினதே இல்ல. எனக்கு எப்படி இருக்கும்?

இதில் கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை ஒன்று உண்டு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவில் இருக்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. சின்ன வயதில் ஓடியவர்களுக்கும் வளர வளர வெளி ஓட்டம் அடங்கிவிடும், உள்ளே ஒரு பரபரப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கால் ஆடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் பத்து நிமிடம் உட்காருவது தண்டனை போல இருக்கும். ஓய்வெடுக்கப் படுத்தால் மனதுக்குள் ஐந்து பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடும்.

பிடிச்ச விஷயம்னா எட்டு மணி நேரம் எழுந்திருக்காம உட்கார்றேன். இதைப் போய் கவனக்குறைவுன்னு எப்படிச் சொல்றாங்க?

பெயர்தான் தப்பு. கவனம் குறைவாக இல்லை, அதைத் திருப்பும் பிடி நம் கையில் இல்லை. புதிதாக இருப்பது, சுவாரசியமானது, இன்றே கெடு முடிகிறது என்றிருப்பது, இவற்றில் கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். முக்கியமானது என்பதற்காக மட்டும் ஒட்டாது. இந்த வித்தியாசத்தைத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். "அதை மட்டும் செய்யத் தெரியுதே, அப்போ இதையும் செய்ய முடியும், மனசு இல்ல" என்பார்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் எழ வேண்டும் என்று தெரிந்தும் எழ முடியவில்லை என்பார். தொடங்க முடியாததும் நிறுத்த முடியாததும் ஒரே கோளாறின் இரண்டு பக்கங்கள்.

மனசைத் தொட்டுச் சொல்லுங்க. இது சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறி வேலையைச் செய்யாமல் நிம்மதியாக இருப்பான். ஏடிஎச்டி உள்ளவர் வேலையைச் செய்யாமல், அதையே நினைத்துக்கொண்டு, நாள் முழுவதும் தன்னைத் திட்டிக்கொண்டு, இரவில் களைத்துப்போய்ப் படுப்பார். மறுநாளும் அதே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருக்கும் வலி வேறு. நான் இருபது ஆண்டுகள் என்னைச் சோம்பேறி என்று நம்பி வாழ்ந்தவன். அந்த நம்பிக்கை ஒரு நாள்கூட என்னை ஒரு வேலையை முடிக்க வைக்கவில்லை.

எதனால வருது? வளர்ப்பு சரியில்லையா, ஃபோனா, சர்க்கரையா?

பெரும்பங்கு மரபணு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 74 சதவீதம் மரபுவழி என்று வருகிறது. கிட்டத்தட்ட உயரத்தைப் போல. ஒரே ஒரு 'ஏடிஎச்டி மரபணு' கிடையாது. சின்னச் சின்னப் பங்குள்ள ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடைக் குறைவு, ஈய நச்சு போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

சர்க்கரை காரணம் இல்லை. வளர்ப்பும் காரணம் இல்லை, ஆனால் தினமும் திட்டு வாங்கி வளர்ந்தால் அதன் மேல் காயம் சேரும். ஃபோன் ஏற்கெனவே இருக்கும் சிக்கலை மோசமாக்கும். ஃபோன் இல்லாத காலத்திலேயே கிரைட்டன் இதை எழுதினார் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த டாக்டர்கிட்ட போகணும்? மூளை ஸ்கேன் எடுப்பாங்களா?

மனநல மருத்துவர், அல்லது இதில் பயிற்சி உள்ள மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதித் தருவது பெரும்பாலும் மருத்துவர்தான். போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பெரியவங்களுக்கு ஏடிஎச்டி இருக்கான்னு பார்ப்பீங்களா?" இல்லை என்றால் வேறொருவரைத் தேடுங்கள், நாட்கள் மிச்சம்.

இதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றைக்கு இல்லை. நூற்றுக்கணக்கானவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியில் சின்ன வேறுபாடு தெரியும். ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அது தைராய்டு, இரத்தசோகை போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காக.

இணையத்துல ஆறு கேள்வி இருந்துச்சு. நாலுக்கு மேல ஆமான்னு வந்துச்சு. உறுதிதானே?

அது ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்வித்தாளின் முதல் பகுதியாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது, 2005இல் வெளியானது. மொத்தம் 18 கேள்விகள். முதல் ஆறில் நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் 'மேற்கொண்டு பார்க்கலாம்' என்று அர்த்தம். 'இருக்கிறது' என்று அர்த்தம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 25 பேருக்கு உண்மையில் இருக்கிறது. இல்லாத 975 பேரில் பத்தில் ஒருவரை ஒரு கேள்வித்தாள் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 97 பேர் வீணாகப் பட்டியலில் வருவார்கள். 25 பேரில் ஒருவரைக்கூட விடாமல் பிடித்தாலும், பட்டியலில் இருப்பவர்களில் இல்லாதவர்களே அதிகம். அதே சமயம் சந்தேகம் வந்து தானாகத் தேடிப் போய் நிரப்புகிறவர்களிடம் இந்த விகிதம் வேறாக இருக்கும். ஆகவே கேள்வித்தாளைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதையே தீர்ப்பாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நிரப்பியதை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

முதல் தடவை போறப்ப என்ன கேட்பாங்க? நான் எதை எடுத்துட்டுப் போகட்டும்?

நன்றாகச் செய்யும் மதிப்பீடு பதினைந்து நிமிடத்தில் முடியாது. பள்ளிக் காலம், படிப்பு, வேலைகள், உறவுகள், பணம், வண்டி ஓட்டுவது, தூக்கம், குடி, புகை, குடும்பத்தில் யாருக்கு என்ன என்று எல்லாம் கேட்பார்கள். சிலர் டிவா-5 என்ற நேர்காணலைப் பயன்படுத்துவார்கள். அதில் ஒவ்வொரு அறிகுறிக்கும் சின்ன வயது உதாரணம் ஒன்று, இப்போதைய உதாரணம் ஒன்று என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள்.

பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய குறிப்புதான் முக்கியம். 'திறமை உண்டு, கவனம் இல்லை', 'வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறான்' போன்ற ஒரு வரி, நீங்கள் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அதிகம் சொல்லும். அம்மா, அப்பா, அக்கா, அண்ணன் யாராவது வந்தால் இன்னும் நல்லது. யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் ஒன்று: சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிவிடுங்கள். அந்த அறையில் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்துல எப்பவும் முதல் மார்க். அப்படின்னா எனக்கு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கூர்மையான புத்தி இருப்பவர்கள் கடைசி இரவில் படித்தே தப்பித்துவிடுவார்கள். எழுப்பி, கிளப்பி, பையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வீட்டில் ஒருவர் இருந்திருப்பார். அந்தத் தாங்குகோல் விலகும்போதுதான் தெரியும். வெளியூர்க் கல்லூரி, முதல் வேலை, பதவி உயர்வு, முதல் குழந்தை ஆகிய திருப்பங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மருத்துவர் கேட்க வேண்டியது மார்க் என்ன என்பதல்ல. அந்த மார்க்கை எப்படி வாங்கினீர்கள் என்பது.

பெண்களுக்கு ரொம்பக் குறைவாத்தான் வருமாமே?

குறைவாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. சின்ன வயதில் பையன்களே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறார்கள். பெரியவர்களில் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. பெண்பிள்ளைகளிடம் கவனக்குறைவு வகை அதிகம், சத்தமில்லாமல் இருக்கும். அதோடு, வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதும் எல்லோருடைய நாளையும் நினைவில் வைத்திருப்பதும் பெண் வேலை என்று எதிர்பார்க்கும் இடத்தில், முடியாதபோது அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள். மறைக்கவும் கற்றுக்கொள்வாள். பல பெண்களுக்குப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை நடந்த பிறகுதான் இந்தப் பெயர் காதில் விழுகிறது. தங்கள் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போன இடத்தில் தன்னையே கண்டுகொண்டதாகச் சொன்ன அம்மாக்கள் பலர்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அறிகுறிகள் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். தேதியோடு குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு முப்பது வயசுக்கு அப்புறம்தான் இந்தக் கவனச் சிதறல் ஆரம்பிச்சுது. இதுவும் ஏடிஎச்டியா?

முதலில் வேறு காரணங்களைத் தேட வேண்டிய நிலை இது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், இருமுனைக் கோளாறு (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), குடி, கஞ்சா, தலையில் அடி, நீண்ட நாள் தூக்கமின்மை, இவை எல்லாமே கவனத்தைக் குலைக்கும். பலவற்றுக்கு நேரடி சிகிச்சை உண்டு. ஏடிஎச்டி என்று நினைத்துக்கொண்டு அவற்றை விட்டுவிட்டால் அது பெரிய இழப்பு.

ஆராய்ச்சியாளர்களிடையே இதில் விவாதம் நடந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73இல் பிறந்த ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் குழு 2015இல் ஒரு முடிவை வெளியிட்டது: 38 வயதில் ஏடிஎச்டி இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் அது இருந்ததாகப் பதிவு இல்லை. அது பெரிய பரபரப்பை உண்டாக்கியது. 2018இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வில், பின்னால் தொடங்கியதாகத் தோன்றியவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்தபோது, பெரும்பாலோரிடம் போதைப் பழக்கமோ வேறு மனநலச் சிக்கலோ அந்த அறிகுறிகளை விளக்கிவிட்டது. என் கருத்து: 'முப்பதுக்கு அப்புறம்' என்று சொல்லும் முன், மேலே மார்க் பற்றிய கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். தொடங்கியது அப்போதா, தாங்குகோல் விலகியது அப்போதா?

ஏற்கெனவே பதற்றத்துக்கு மருந்து சாப்பிடுறேன். ரெண்டும் சேர்ந்து இருக்குமா?

இருக்கும், அதுதான் வழக்கம். ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கூடவே இன்னொன்றும் இருக்கும். ஆட்டிசத்தையும் ஏடிஎச்டியையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்லக் கூடாது என்று பழைய கையேடு தடுத்திருந்தது. 2013இல் அந்தத் தடையும் போனது.

பதற்றம் தனியாக வந்ததா, அல்லது ஆண்டுக்கணக்கில் மறந்து, தவறி, திட்டு வாங்கி அதனால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. எனக்கு எட்டு ஆண்டுகள் பதற்றம் என்று மட்டுமே சிகிச்சை நடந்தது. சின்ன வயது எப்படி இருந்தது என்று அந்த எட்டு ஆண்டுகளில் யாரும் கேட்கவில்லை. பொதுவாக எது அதிகம் பாதிக்கிறதோ அதை முதலில் கவனிப்பார்கள். கடுமையான மனச்சோர்வு, மனக்கிளர்ச்சி நிலை (அளவு மீறிய உற்சாகம்), போதைப் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிலைப்படுத்துவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மதிப்பீட்டுத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்; அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், அவசர மருத்துவ உதவிக்குப் போங்கள்.

மாத்திரை என்னதான் செய்யுது? என் குணத்தையே மாத்திடுமா?

இரண்டு வகை உண்டு. ஒன்று தூண்டு மருந்துகள்: மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமின் வகைகள். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் நரம்புகளுக்கு இடையே கூடுதலாகக் கிடைக்கச் செய்கின்றன. எடுத்த அன்றே வேலை செய்யும். மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கும். இவை புதிய மருந்துகள் அல்ல. மெத்தில்ஃபெனிடேட்டை முதலில் தயாரித்தது 1944இல். இரண்டாவது, தூண்டாத வகை: அட்டோமாக்ஸெட்டின் போன்றவை. அது ஏற நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே பத்து நாளில் "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடக் கூடாது.

சரியான மருந்து சரியான அளவில் கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்கு முதல் நாள், மேசையில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்தேன், பிரித்தேன், பதில் எழுதினேன். அவ்வளவுதான். நடுவில் என்னோடு நான் சண்டை போடவில்லை. அன்று சாயங்காலம் வெகுநேரம் அழுதேன். குணம் மாறவில்லை. உணர்ச்சி மரத்துப்போனதாகவோ பொம்மை மாதிரி ஆகிவிட்டதாகவோ தோன்றினால், அளவு கூடியிருக்கலாம் அல்லது மருந்து ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை, டாக்டரிடம் சொல்லுங்கள்.

பக்க விளைவு? இதயத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, வாய் உலர்வது, தலைவலி, எரிச்சல், மருந்து இறங்கும் நேரத்தில் ஒரு சோர்வு, இவை அதிகம் கேள்விப்படுபவை. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறும். அதனால்தான் தொடங்கும் முன்பும் அளவை மாற்றும்போதும் இரண்டையும் பார்ப்பார்கள். இதய நோய், மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், மனச்சிதைவு அல்லது மனக்கிளர்ச்சி வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வில், நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களிடம் உயர் இரத்த அழுத்தமும் இரத்தக் குழாய் நோயும் கூடுதலாக இருந்தன. இதைப் படித்துவிட்டு மருந்தைத் தூக்கி எறிய வேண்டாம், இரத்த அழுத்தத்தைத் தவறாமல் பாருங்கள். மருந்து இல்லாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. அதே நாட்டில் 2014இல் வந்த ஆய்வு, ஏடிஎச்டி உள்ள ஆண்கள் மருந்து எடுத்த காலங்களில் கடுமையான சாலை விபத்துகள் வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது.

மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை அட்டோமாக்ஸெட்டினின் அளவை உடலில் ஏற்றிவிடும். கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ நீங்களாக நிறுத்தாமல் முதலில் பேசுங்கள்.

அடிமையாயிடுவேனோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. தூண்டு மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்த முடியும். அதனால்தான் பல நாடுகளில் கட்டுப்பாட்டோடு தருகிறார்கள். ஆனால் சொன்ன அளவில், வாய்வழியாக, மெதுவாக ஏறும் மருந்து போதை தருவதில்லை. சொல்லப்போனால், மாத்திரை எடுக்கவே மறந்துவிடுவதுதான் எங்களில் பலருக்குப் பிரச்சினை. உங்களுக்கு முன்பு போதைப் பழக்கம் இருந்திருந்தால் அது சிகிச்சைக் கதவை மூடிவிடாது. தூண்டாத வகையையோ தவறாகப் பயன்படுத்தக் கடினமான நீண்டநேர வகையையோ டாக்டர் பார்ப்பார்.

நண்பனோட மாத்திரை ஒண்ணு போட்டுப் பார்த்தேன். சூப்பரா கவனம் வந்துச்சு. அப்போ எனக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. 1978லேயே ஏடிஎச்டி இல்லாத சிறுவர்களுக்கு ஆம்ஃபெடமின் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அமைதியானார்கள், அவர்களுக்கும் கவனம் கூடியது. மருந்து வேலை செய்வது நோய்க்கு ஆதாரம் ஆகாது. அதே மாதிரி, முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் ஏடிஎச்டி இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. இன்னொருவர் மாத்திரையைப் போடுவது, உங்கள் இரத்த அழுத்தம் தெரியாமல் செய்கிற காரியம். தயவுசெய்து வேண்டாம்.

மாத்திரை இல்லாம சமாளிக்க முடியாதா?

லேசாக இருந்தால் சிலரால் முடிகிறது. மருந்து வேண்டாம் என்று முடிவெடுப்பதும் உங்கள் உரிமை. ஏடிஎச்டிக்கென்று வடிவமைத்த சிந்தனை நடத்தை சிகிச்சைக்குப் பெரியவர்களிடம் நல்ல ஆதாரம் உண்டு. அது பழைய காயங்களைப் பேசுவதோடு நிற்காது. திட்டமிடுவது, வேலையை உடைப்பது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பேச்சைக் கேள்வி கேட்பது என்று பயிற்சி தரும். ஆனால் முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் மருந்துதான் பலமானது. அதைக் குறைத்துச் சொல்வது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது.

மற்றபடி ஒரே ஒரு விதி: மனதுக்குள் வைக்காதே, வெளியே வை. கண்ணில் படாதது நமக்கு இல்லாதது. சாவிக்குக் கதவருகே ஒரே ஆணி. நேரம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் கடிகாரம். 'அறிக்கை எழுது' என்று எழுதாமல் 'கோப்பைத் திற, தலைப்பு எழுது' என்று எழுதுவது. வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது. ஏன் உதவுகிறது என்று கேட்டால் எல்லோரும் திகைப்பார்கள், ஆனால் உதவுகிறது. தூக்கம், உடற்பயிற்சி இரண்டையும் விடாதீர்கள். எந்த முறையும் சில மாதத்தில் சலித்துப்போகும். அது தோல்வி இல்லை, அடுத்ததற்கு மாறுங்கள்.

மாத்திரை போட்டும் வேலை முடியலையே?

கவனம் கிடைத்தால் போதாது, அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மாத்திரை ஏறும் நேரத்தில் ஃபோனைக் கையில் எடுத்தால் மூன்று மணி நேரம் ஃபோனில் போகும். அதைத் தாண்டியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அளவு, நேரம், தூக்கம், கூட இருக்கும் மனச்சோர்வு என்று டாக்டரோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இருக்கு. எல்லாத்தையும் நான்தான் ஞாபகப்படுத்தணும். நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்.

உங்கள் களைப்பு உண்மையானது. ஏடிஎச்டி அவருடைய மறதியை விளக்குகிறது. அதன் சுமை முழுவதையும் உங்கள் தலையில் வைக்க அனுமதி தரவில்லை. அவருடைய மறதிக்கு அவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்கள் நினைவூட்டும் கருவியாக இருக்கும்வரை இருவருக்கும் நடுவே அம்மா பிள்ளை உறவுதான் வளரும். ஒரு வேலையை அவர் எடுத்தால் முழுதாக எடுக்கட்டும், நினைவு வைப்பதையும் சேர்த்து. பேச்சை, அது தவறிய நிமிடத்தில் வைத்துக்கொள்ளாமல், இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டு விழும்போது எங்கள் மூளையில் வார்த்தைகள் நிற்பதில்லை, குரல்தான் நிற்கிறது.

ஆபீஸ்ல சொல்லலாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாமலே பல உதவிகளைக் கேட்கலாம்: "வாயால சொன்னதை மெயில்லயும் அனுப்பிடுங்க", "காலையில ரெண்டு மணி நேரம் கூட்டம் வேண்டாம்". அதில் தொடங்குங்கள். மேலதிகாரி எப்படிப்பட்டவர், உங்கள் நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்று தெரிந்த பிறகு மீதியைச் சொல்லலாம். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது.

எப்பவாவது முழுசாப் போயிடுமா?

சின்ன வயதில் கண்டறியப்பட்டவர்களை அமெரிக்காவில் நீண்ட காலம் தொடர்ந்த ஓர் ஆய்வு 2021இல் இதற்குப் பதில் தந்தது. பத்தில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் முழுதாகப் போய், திரும்பாமல் இருந்தது. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகள் தணிந்து, மறுபடி தலைதூக்கி, மறுபடி தணிந்து என்று போனது. ஆகவே நன்றாக இருக்கும் காலத்தில் "அப்போ எனக்கு இருந்ததே இல்லையோ" என்று சந்தேகப்பட வேண்டாம். மோசமான காலத்தில் "இனி இப்படித்தான்" என்றும் நினைக்க வேண்டாம்.

எனக்கு 58 வயசு. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

கேள்வி கேட்டவர் இதைச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். மருத்துவப் பக்கத்தை முதலில் சொல்கிறேன். இந்த வயதிலும் மருந்து உதவும். இதயமும் இரத்த அழுத்தமும் இன்னும் கவனமாகப் பார்க்கப்படும், அளவு மெதுவாக ஏற்றப்படும். மறதி அண்மையில் கூடியிருந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் சாவி தொலைப்பது ஒன்று. போன வருடம் வரை தெரிந்த வழி இப்போது தெரியாமல் போவது வேறொன்று.

இன்னொரு பக்கம் துக்கம். தெரிந்தவுடன் முதலில் நிம்மதி வரும், பிறகு கோபம் வரும், பிறகு விட்டுப்போன படிப்பும் வேலையும் மனிதர்களும் வரிசையாக நினைவுக்கு வருவார்கள். அதற்கு நேரம் கொடுங்கள், முடிந்தால் ஒரு உளவியலாளரின் துணையோடு. கேள்வி கேட்ட அந்த 58 வயதுக்காரர் மதிப்பீட்டுக்குப் போனார். பெயர் உறுதியான வாரத்தில் தன் தம்பிக்கு ஃபோன் செய்தாராம். அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நேரத்துக்கு வராமல் போனதற்கு, 19 வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அன்றைக்குக் கேட்டாராம். தம்பி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.